சாள்ஸ் பபேஜ்: சொல்லி வைத்த வேலையைச் செய்யும் இயந்திரம்

கணினியின் தந்தை யார் என்ற வினாவுக்குச் சாள்ஸ் பபேஜ் என்று விடை எழுதாத க.பொ.த. (சா/த) மாணவர் இல்லை. ஒரு புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அவர் ஏன் அவ்வாறு அழைக்கப்படுகிறார் என்று அடுத்த வினா வந்தால் பலர் தடுமாறுகின்றனர். கணக்குச் செய்யும் இயந்திரத்தை அமைத்தவர் என்று எழுதினால் அது முழுமையான விடையன்று. பிரான்ஸ் நாட்டவரான பஸ்கால் 1640களிலேயே கூட்டல் இயந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஜேர்மனியரான லைப்னிட்ஸ் பெருக்கல் செய்யும் இயந்திரத்தையும் அமைத்துவிட்டார். அவ்வியந்திரங்களில் ஒவ்வொரு படியிலும் மனிதன் பக்கத்தில் இருந்து அடுத்தது என்ன என்று தீர்மானிக்க வேண்டும். பபேஜ் வேண்டியது வேறு. கட்டளையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு மனிதன் விலகிவிட வேண்டும். உரிய கட்டம் வந்ததும் இயந்திரம் தானாகவே அந்த வேலையைச் செய்ய வேண்டும். நமது பாடத்தில் பணிசெயல் முறைமை என்ற அலகில் வரும் பணி அட்டவணைப்படுத்தலுக்கு மூலக்கருத்து இதுதான். எனவே அவருடைய வாழ்க்கையை இக்கோணத்தில் நோக்குவோம்.

சாள்ஸ் பபேஜ் 1791 டிசெம்பர் 26 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பபேஜ் வசதி படைத்த ஒரு வங்கியாளர். சிறு வயதில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் பபேஜின் பாடசாலைக் கல்வி பல இடங்களில் துண்டு துண்டாகவே நடைபெற்றது. எனினும் கணிதத்தைத் தாமாகவே நூல்களிலிருந்து கற்றுக்கொண்டார். 1810 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கு கற்பிக்கப்பட்ட கணிதம் ஐரோப்பாவின் ஏனைய நாடுகளை விடப் பின்தங்கியிருப்பதைக் கண்டு ஏமாற்றமடைந்தார். 1812 இல் ஜோன் ஹேர்ஷல், ஜோர்ஜ் பீக்கொக் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து பகுப்பாய்வுச் சங்கம் என்ற மாணவர் சங்கத்தை அமைத்தார். 1814 இல் பட்டம் பெற்று அதே ஆண்டில் ஜோர்ஜியானா விட்மோரை மணந்தார். 1816 இல், இருபத்து நான்கு வயதில், றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

அக்காலத்தில் கணிப்பான் இல்லை. மடக்கை, சைன், கோசைன் ஆகியவற்றின் பெறுமானங்கள் அச்சிட்ட அட்டவணைகளிலேயே பார்க்கப்பட்டன. நீங்கள் பரீட்சை மண்டபத்தில் பயன்படுத்தும் மடக்கை அட்டவணை அந்த வழிவந்ததே. மாலுமிகளுக்கு இவை உயிர் போன்றவை. நடுக்கடலில் சந்திரனுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடையிலான கோணத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டே கப்பல் எந்த நெடுங்கோட்டில் நிற்கிறது என்று அறிந்தனர். அட்டவணையில் ஓர் இலக்கம் பிழைத்தால் கப்பல் தான் இருப்பதாக நினைக்கும் இடத்தில் இராது. பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்ற பெரிய கப்பல்கள் மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட ஆதாம் பால மணற்றிட்டுகளைக் கடக்க முடியாமல் இலங்கையைச் சுற்றியே சென்றன. அந்த நீண்ட சுற்றுவழியில் மாலுமிக்குத் துணை திசையறி கருவியும் இந்த அட்டவணைப் புத்தகமுமே.

அட்டவணைகளில் பிழைகள் மலிந்திருந்தன. கணக்குப் போடுபவர் ஓரிடத்தில் பிழை விடுவார். படி எடுப்பவர் இன்னோரிடத்தில் பிழை விடுவார். அச்சுக் கோப்பவர் மற்றோர் இடத்தில் எழுத்தை மாற்றி வைப்பார். 1821 இல் ஹேர்ஷலும் பபேஜும் வானியல் அட்டவணை ஒன்றுக்காக இருவர் தனித்தனியே போட்ட கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தனர். பிழைக்கு மேல் பிழை வரவே, இக்கணக்குகளை நீராவி இயந்திரம் செய்யக்கூடாதா என்று பபேஜ் அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பே அவருடைய வாழ்நாள் வேலையாக மாறியது.

அவர் கையாண்ட முறையை நீங்களே செய்து பார்க்கலாம். 1, 4, 9, 16, 25 என்ற வர்க்க எண்களை எழுதுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்கள் 3, 5, 7, 9. அவற்றின் வித்தியாசங்கள் 2, 2, 2. இரண்டாம் வித்தியாசம் மாறவேயில்லை. ஆகவே அடுத்த வர்க்கத்தைப் பெறப் பெருக்கல் தேவையில்லை: 9 உடன் 2 ஐக் கூட்ட 11, 25 உடன் 11 ஐக் கூட்ட 36. வெறும் கூட்டலினால் முழு அட்டவணையையும் உருவாக்கலாம். பற்சில்லுகளால் கூட்டல் செய்வது எளிது என்பதால் இம்முறை இயந்திரத்துக்குப் பொருத்தமானது. இதனாலேயே அவர் அமைக்க முயன்ற முதல் இயந்திரம் வித்தியாசப் பொறி எனப் பெயர் பெற்றது. விடையை மனிதன் கையால் படி எடுக்காமல் இயந்திரமே அச்சுத் தகட்டில் பதிக்க வேண்டும் என்பதும் அவரது திட்டத்தில் அடங்கியிருந்தது. பிழை வரும் மூன்று வாயில்களையும் ஒரேயடியாக மூடிவிட அவர் எண்ணினார்.

1822 இல் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து வானியல் சங்கத்துக்கு அறிவித்தார். 1823 இல் பிரித்தானிய அரசாங்கம் பணம் வழங்க முன்வந்தது. ஜோசப் கிளெமென்ற் என்ற சிறந்த கருவி வினைஞர் வேலையைப் பொறுப்பேற்றார். முழு இயந்திரத்துக்கு ஏறத்தாழ 25,000 பாகங்கள் தேவைப்பட்டன. ஒரே மாதிரியான பாகங்களைத் துல்லியமாகச் செய்யும் கருவிகள் அன்று இல்லாததால் கருவிகளையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. வேலை இழுபட்டது. 1827 ஆம் ஆண்டு பபேஜின் வாழ்வில் மிகத் துயரமான ஆண்டு. தந்தையும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் அந்த ஓராண்டுக்குள்ளேயே இறந்தனர். அவர் மனமுடைந்து ஐரோப்பாவில் பயணம் செய்து 1828 இன் இறுதியிலேயே திரும்பினார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஐசாக் நியூற்றன் முன்பு வகித்த லூக்காசியன் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1839 வரை அப்பதவியில் இருந்தபோதும் அவர் விரிவுரை எதுவும் ஆற்றவில்லை என்பது வியப்பான செய்தி.

1832 இன் இறுதியில் இயந்திரத்தின் ஒரு பகுதி, ஏறக்குறைய 2,000 பாகங்கள் கொண்டது, பொருத்தப்பட்டு இயங்கியது. சனிக்கிழமை மாலைகளில் தமது வீட்டுக்கு வரும் விருந்தினருக்குப் பபேஜ் இதை இயக்கிக் காட்டுவார். 1833 யூனில் பதினேழு வயதான அடா, கவிஞர் பைரனின் மகள், தாயுடன் வந்து இதைப் பார்த்தார். கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற எண்கள் ஒழுங்காகத் தோன்றும். உதாரணமாக ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு கூடும். பத்து, ஐம்பது, நூறு தடவை பார்த்தவருக்கு அடுத்த எண் என்ன என்பதில் ஐயமே இராது. திடீரென்று இயந்திரம் வேறு விதிப்படி எண்களைக் காட்டத் தொடங்கும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று விருந்தினர் நினைப்பர். உண்மையில் அத்தனையாவது சுழற்சியில் விதியை மாற்ற வேண்டும் என்று பபேஜ் தொடக்கத்திலேயே சில்லுகளை அமைத்து வைத்திருந்தார். அந்தக் கணத்தில் அவர் இயந்திரத்தைத் தொடவேயில்லை. 1837 இல் வெளியிட்ட நூலொன்றில் இதையே சமய விளக்கத்துக்கும் பயன்படுத்தினார்: இயற்கையில் அற்புதம் போலத் தோன்றுவதும் ஆதியிலேயே வகுக்கப்பட்ட ஒரு விதியின் பகுதியாக இருக்கலாம் என்பது அவரது வாதம். சமயக் கருத்தை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். நமக்கு வேண்டியது அந்தச் சில்லு அமைப்பே. குறித்த எண்ணிக்கை வந்ததும் குறித்த செயல் நடக்கும்படி ஓர் இயந்திரத்துக்குச் சொல்லி வைப்பது அங்கே கண்முன் நடந்தது.

சொல்லி வைத்தல் என்பதன் உறுப்புகளை விளங்கிக்கொள்ள நமது கரையிலிருந்தே ஓர் உதாரணம் எடுப்போம். பபேஜ் சிறுவனாக இருந்த காலத்தில், 1790களின் இறுதியிலும் 1800களின் தொடக்கத்திலும், பிரித்தானியர் அரிப்புக் கடலில் முத்துக்குளிப்பு நடத்தினர். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அதை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகையின் இடிபாடுகளையே இன்று அல்லிராணிக் கோட்டை என்று காட்டுகின்றனர். மன்னார், யாழ்ப்பாணம், இராமேஸ்வரம், கீழக்கரை, தூத்துக்குடி எனப் பல ஊர்த் தோணிகள் அங்கு கூடும். இரவில் கரையில் பீரங்கி முழங்கியதும் எல்லாத் தோணிகளும் தரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்படும். பொழுது விடிந்ததும் சுழியோடிகள் குளிக்கத் தொடங்குவர். நண்பகலளவில் கடற்காற்று எழுந்ததும் வேலையை நிறுத்திக் கரைக்குத் திரும்புவர். சுறாவைக் கட்டும் மந்திரக்காரர் வந்து சேராவிட்டால் சுழியோடிகள் நீரில் இறங்க மறுத்துவிடுவர். நடுக்கடலில் யாரும் ஒவ்வொரு தோணியாகச் சென்று கட்டளையிடவில்லை. எல்லாம் முன்பே பேசி வைத்தபடி நடந்தது. இங்கே விடியல் என்பது நேரத்தினால் வரும் தூண்டல். பீரங்கியும் கடற்காற்றும் நிகழ்வினால் வரும் தூண்டல்கள். குளிப்பது செயல். மந்திரக்காரர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இன்றைய மேசைக் கணினியின் பணிசெயல் முறைமையிலும் இதே மூன்றும் உள்ளன. யுனிக்ஸ் முறைமையில் 1970களிலேயே கிரொன் என்ற செய்நிரல் நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை என்று எழுதி வைத்த பட்டியலைப் பார்த்துப் பார்த்து வேலைகளைத் தொடக்கியது. விண்டோஸ் முறைமையில் இப்பணியைச் செய்வது டாஸ்க் ஷெடியூலர் என்ற சேவை. அதன் சாளரத்தைத் திறந்து சுட்டியால் பணியை அமைக்கலாம். கட்டளைச் சாளரத்தில் ஒரே வரியிலும் அமைக்கலாம். ஆனால் நூறு கணினிகளில் ஒரே பணியை அமைக்க வேண்டுமென்றால் சுட்டியோடு யார் அலைவது? அப்போது செய்நிரலே பணியை உருவாக்க வேண்டும்.

பாடசாலை அலுவலகக் கணினியில் உள்ள புள்ளிக் கோப்பை ஒவ்வொரு நாளும் பி.ப. 1.30 க்குப் பிரதி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாம் எழுதும் செய்நிரல் முதலில் டாஸ்க் ஷெடியூலர் சேவையுடன் இணைப்பை ஏற்படுத்தும். அதனிடமிருந்து வெறுமையான பணி வரையறை ஒன்றைக் கேட்டுப் பெறும். அதில் நாள்தோறும் 1.30 என்ற தூண்டலைச் சேர்க்கும். பிரதி எடுக்கும் செய்நிரல் எந்தக் கோப்புறையில் உள்ளது என்ற செயலைச் சேர்க்கும். பின்னர் அவ்வரையறைக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேவையிடம் பதிவு செய்யும். பதிவானதும் நமது செய்நிரல் முடிந்துவிடலாம், அதை மூடிவிடலாம், கணினியை நிறுத்தி மறுநாள் இயக்கினாலும் பதிவு அழியாது. கட்டளையிட்டவர் விலகிவிட்டார், கட்டளை நிற்கிறது. பதிவு செய்த பணியை 1.30 வரை காத்திராமல் உடனே ஓட்டும்படியும் செய்நிரலால் கேட்கலாம். பணி சரியாக அமைந்ததா என்று சோதிக்க இதுவே நல்ல வழி.

மாணவர் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. 1.30 க்கு மின்சாரம் இல்லை என்றால் என்ன நடக்கும்? தூண்டல் தவறிவிடும், அன்று பிரதி எடுக்கப்படாது, யாருக்கும் தெரியவும் வராது. ஆகவே நேரம் தவறினால் கணினி இயங்கத் தொடங்கியபின் இயன்ற விரைவில் ஓட்டு என்ற அமைப்பையும் வரையறையில் எழுத வேண்டும். எந்தப் பயனர் கணக்கின் அனுமதியோடு பணி ஓட வேண்டும் என்பதையும் குறிக்க வேண்டும். அனுமதி இல்லாத கணக்கு கோப்பைத் திறக்க முடியாது. பணி முடிந்ததும் அதன் முடிவு ஓர் எண்ணாகப் பதியப்படும். வழக்கமாக 0 என்றால் பிழையின்றி முடிந்தது என்பது பொருள். அந்த எண்ணைப் பார்க்காமல் பிரதி இருக்கிறது என்று நம்பியிருப்பது அட்டவணையைச் சரிபார்க்காமல் கப்பலோட்டுவதைப் போன்றது.

இந்தப் பிரச்சினையும் பபேஜுக்குத் தெரிந்திருந்தது. 1834 இல் அவர் வித்தியாசப் பொறியைக் கடந்து பகுப்புப் பொறி என்ற புதிய இயந்திரத்தைத் திட்டமிடத் தொடங்கினார். அதில் எண்களை வைத்திருக்கும் பகுதிக்குக் களஞ்சியம் என்றும் கணக்குச் செய்யும் பகுதிக்கு ஆலை என்றும் பெயரிட்டார். இன்றைய நினைவகமும் மையச் செயற்பகுதியும் இவையே. (இது பரீட்சையில் அடிக்கடி கேட்கப்படத்தக்கது.) பட்டு நெசவுக்குப் பிரான்ஸ் நாட்டு ஜக்கார்ட் பயன்படுத்திய துளையட்டைகளைப் பபேஜ் கட்டளைகளுக்குப் பயன்படுத்தினார். ஒரு கணக்கின் விடையைப் பொறுத்து அடுத்த படியை மாற்றவும், ஒரே படிகளைத் திரும்பத் திரும்பச் செய்யவும் இயந்திரத்தால் முடியும். மடக்கைப் பெறுமானம் ஒன்று தேவைப்பட்டால் இயந்திரம் மணி அடித்து நிற்கும். உதவியாளர் உரிய அட்டையை இட வேண்டும். பிழையான அட்டையை இட்டால் இயந்திரம் அதைத் தானே சோதித்துக் கண்டறிந்து இன்னும் பலத்த மணியை அடிக்கும். மனிதன் விலகி நிற்கும் இயந்திரம் பிழையை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

1840 இல் பபேஜ் இத்தாலியின் தூரின் நகரில் இவ்வியந்திரத்தை விளக்கினார். மெனபிரேயா என்ற பொறியியலாளர் அதைப் பிரெஞ்சு மொழியில் கட்டுரையாக 1842 இல் வெளியிட்டார். லவ்லேஸ் சீமாட்டியாகிவிட்ட அடா அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, கட்டுரையை விட ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமான குறிப்புகளைச் சேர்த்து 1843 இல் வெளியிட்டார். பேர்னூலி எண்களை இயந்திரம் படிப்படியாகக் கணிக்கும் முறை அக்குறிப்புகளில் அட்டவணையாக உள்ளது. முதலாவது கணினிச் செய்நிரல் என்று பலரும் கூறுவது அதையே. அதில் பபேஜின் பங்கு எவ்வளவு, அடாவின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எண்களை மட்டுமன்றி இசை போன்ற வேறு பொருள்களையும் குறியீடாக்கி இவ்வியந்திரத்துக்குக் கொடுக்கலாம் என்று அடா எழுதியது பபேஜும் எட்டாத உயரம். அடா 1852 இல் 36 வயதில் காலமானார்.

பகுப்புப் பொறி கட்டப்படவேயில்லை. வித்தியாசப் பொறியின் வேலையும் 1833 இல் கிளெமென்றுடன் ஏற்பட்ட பணத் தகராறால் நின்றுபோனது. அதுவரை அரசாங்கம் 17,000 பவுணுக்கு மேல் செலவிட்டிருந்தது. அக்காலத்தில் ஒரு நீராவி ரயில் எஞ்சினை 800 பவுணுக்கும் குறைவாக வாங்க முடிந்தது என்றால் தொகையின் பருமன் விளங்கும். 1842 இல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. குற்றம் முழுவதையும் அரசாங்கத்தின் மேல் சுமத்துவது சரியன்று. முதல் இயந்திரம் முடியுமுன்பே அதைவிடச் சிறந்த ஒன்றைத் திட்டமிட்டுவிட்டேன் என்று பணம் கொடுத்தவர்களிடமே பபேஜ் சென்று கூறினார். பணம் கொடுப்பவர் எவரும் தயங்கவே செய்வர். ஒரு பணியை முடித்துக் கையளிக்கும் பொறுமை அவரிடம் குறைவு. எதிர்ப்பவரைப் பகைத்துக்கொள்ளும் சுபாவமோ அதிகம். 1847 முதல் 1849 வரை வித்தியாசப் பொறி இலக்கம் 2 என்ற எளிமையான இயந்திரத்துக்கு முழு வரைபடங்களைத் தயாரித்தார். 1852 இல் அதையும் அரசாங்கம் ஏற்கவில்லை.

முதுமையில் கசப்பு மிகுந்தவராக வாழ்ந்தார். வீட்டுக்கு வெளியே தெருவில் வாத்தியம் வாசிப்போர் தமது சிந்தனையைக் கெடுப்பதாகப் பல ஆண்டுகள் போராடினார். 1864 இல் அதற்கென ஒரு சட்டமே வந்தது. தெருப் பிள்ளைகள் வேண்டுமென்றே அவர் வாசலில் சத்தம் போட்டனராம். அதே ஆண்டில் தமது வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1871 ஒக்டோபர் 18 ஆம் திகதி இலண்டனில் காலமானார்.

அவருடைய மகன் ஹென்றி பபேஜ் இந்தியாவில் படை அதிகாரியாகப் பணியாற்றி 1874 இல் நாடு திரும்பியவர். தந்தையின் இயந்திரங்கள் பற்றிய கட்டுரைகளைத் திரட்டி 1889 இல் நூலாக வெளியிட்டார். பகுப்புப் பொறியின் ஆலைப் பகுதியில் ஒரு சிறு கூறையும் செய்து இயக்கிக் காட்டினார்.

வித்தியாசப் பொறி இலக்கம் 2 இன் வரைபடங்களோ ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாளாகவே கிடந்தன. 1980களில் இலண்டன் விஞ்ஞான அருங்காட்சியகம் அவற்றைக் கொண்டு இயந்திரத்தைக் கட்ட முடிவு செய்தது. பபேஜின் காலத்து வினைஞர்களால் எட்டக்கூடிய துல்லியத்துக்கு மேற்படாமலேயே பாகங்கள் செய்யப்பட்டன. வரைபடத்தில் சில பிழைகள் இருந்தன, அவை திருத்தப்பட்டன. பபேஜ் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவதற்குச் சில வாரங்களே இருக்கையில், 1991 நவம்பரில், 4,000 பாகங்கள் கொண்ட அதன் கணிக்கும் பகுதி தனது முதலாவது முழுக் கணக்கைப் பிழையின்றிச் செய்தது. விடைகள் 31 இலக்கம் வரை நீண்டன. அட்டவணைப் பிழைகளை ஒழிக்க அவர் விரும்பிய அச்சிடும் பகுதி 2002 இல் செய்து முடிக்கப்பட்டது.